எலும்புகள் ஊரைவிட்டுப் போன நாள்

ஜூலை 3 தோமையார் திருநாள். சாந்தோமிலும் பரங்கிமலையிலும் அன்றைக்குக் கூட்டுத் திருப்பலி, மறையுரை, நல்ல கூட்டம். இயேசுவின் பன்னிரு சீடரில் ஒருவர் கடல் கடந்து வந்து இந்த மண்ணில் ஈட்டிக்கு இரையானார் என்பதை அன்று சொல்லாத சாமியார் இருக்க முடியாது. இந்தியக் கத்தோலிக்கர்களுக்கு அது பெருவிழா. கேரளத்தில் 'துக்ரானா' என்று இதே நாளைக் கொண்டாடுகிறார்கள். தோமையார் உயிர்விட்ட நாளே அதுதான் என்று நினைப்பவர்கள் அங்கே பலர்.

ஆனால் அந்தத் தேதியின் பழைய பத்திரத்தைப் புரட்டினால் சங்கடமாக இருக்கிறது. எரோனிமுஸ் பெயரில் வழங்கும் பழைய இலத்தீன் மறைச்சாட்சியர் பட்டியலில் ஜூலை 3க்கு நேரே இருப்பது தோமாவின் சாவு பற்றிய குறிப்பு இல்லை. இந்தியாவில் பாடுபட்ட அவருடைய உடல் மெசொப்பொத்தாமியாவின் எடேசா நகருக்குக் கொண்டுபோகப்பட்டதன் நினைவே அங்கே இருக்கிறது. எடேசாக்காரர்களுக்கு அது வரவு. மயிலாப்பூரில் கல்லறை இருந்தது என்று நம்புகிற நமக்கு அது செலவு. எலும்புகள் ஊரைவிட்டுப் போன நாளை ஊரார் நாமே மாலை போட்டுக் கொண்டாடுகிறோம்.

தோமா மயிலைக்கு வந்தாரா, வரவில்லையா என்ற வழக்கை இங்கே நடத்தப் போவதில்லை. கி.பி. 52இல் வந்தார், 72இல் இறந்தார் என்பது மரபு. மூன்றாம் நூற்றாண்டில் எடேசாப் பக்கத்தில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' நூலில் மயிலாப்பூர் என்ற பெயர் கிடையாது. அதில் வரும் குந்தபார் மன்னனின் நாணயங்கள் கிடைத்ததெல்லாம் வடமேற்கில். நான்கு படைவீரர்கள் ஒரு மலையில் அவரைக் குத்திக் கொன்றார்கள், எலும்புகளை ஒரு சகோதரர் மேற்கே கொண்டுபோய்விட்டார், பிறகு கல்லறையின் வெறும் மண்ணே மன்னனின் மகனைக் குணமாக்கியது என்று அந்த நூல் சொல்கிறது. 1290களில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமாவின் கல்லறையிலிருந்து செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள் என்று எழுதினார். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம்களும் அவரை வணங்கினார்கள் என்றும் குறித்தார். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் எடேசாக் கதையும் மயிலைக் கதையும் மண்ணைத்தான் மருந்தாகச் சொல்கின்றன. வரலாற்று ஆசிரியர்களுக்கு இது போதாது. எனக்கு அந்த மண்ணைவிட நாள்தான் புதிர்.

புனிதர்களுக்கு நாள் குறிக்கும் வழக்கம் மறைச்சாட்சிகளின் சாவிலிருந்து பிறந்தது. ஸ்மிர்னாவின் முதிய ஆயர் பொலிக்கார்ப்பு இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எரிக்கப்பட்டபோது, மிஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி வைத்த அவ்வூர்ச் சபையார், ஆண்டுதோறும் அங்கே கூடி அவர் சாட்சியாக மரித்த நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாடுவோம் என்று கடிதம் எழுதினார்கள். இறந்தநாளே பிறந்தநாள். இதைத் தமிழருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாயன்மார்களுக்குக் குருபூஜை சிவனடி சேர்ந்த நட்சத்திரத்தில்தான். நாகூர் ஆண்டவருக்குக் கந்தூரி எடுப்பதும் மறைந்த நாளை ஒட்டித்தான். ஆழ்வார்களுக்கு மட்டும் பிறந்த திருநட்சத்திரம். தோமையாரை இந்த வரிசையில் எங்கே வைப்பது? அவருக்குக் குருபூஜையும் இல்லை, திருநட்சத்திரமும் இல்லை. இடமாற்ற உத்தரவு தேதிதான் திருநாள்.

எடேசாக்காரர்கள் அந்தத் தேதியைச் சும்மா விடவில்லை. ஆறாம் நூற்றாண்டில் பிரான்சில் ஆயராயிருந்த தூர் நகரத்து கிரகோரியார் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். எடேசாவில் ஜூலையில் தோமாவுக்குத் திருவிழா, முப்பது நாள் சந்தை, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சுங்கம் கிடையாது, கூட்டத்தில் ஈ மொய்க்காது. சுங்கம் இல்லாத சந்தை என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் அல்வாவை மொய்க்கிற ஈக்கள்தான் நினைவுக்கு வருகின்றன. எடேசா இன்று துருக்கியில் உர்ஃபா. எலும்புகள் அங்கேயும் நிற்கவில்லை. கியோஸ் தீவுக்குப் போய், 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவில் போய்ச் சேர்ந்தன. 1953இல் கர்தினால் திசெராந்த் அங்கிருந்து ஒரு துண்டு எலும்பைக் கொண்டுவந்தார். அதுவும் மயிலைக்கு வரவில்லை. கொடுங்கல்லூருக்குப் போனது.

மேற்குலகம் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து தோமாவை டிசம்பர் 21இல் நினைவுகூர்ந்தது. போர்த்துக்கீசியர் நம் கடற்கரைக்குக் கொண்டுவந்ததும் அந்தத் தேதியைத்தான். ஆங்கிலேயரின் பொது வழிபாட்டுப் புத்தகத்திலும் அதே தேதி. 1969இல் ரோமாபுரி நாள்காட்டியைத் திருத்தியபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் திருவருகைக் காலத்தின் உச்சம், அங்கே ஒரு திருத்தூதர் குறுக்கிடக் கூடாது என்று அவரை ஜூலை 3க்கு அனுப்பிவிட்டார்கள். வழிபாட்டு ஒழுங்கின்படி நியாயமான முடிவு. சிரியத் திருச்சபைகளோடு ஒரே நாளில் நிற்கவும் உதவியது. ஆனால் பரங்கிமலையில் டிசம்பர் என்பது வெறும் வாரக்கணக்கு இல்லை.

மலைக்கு அவர் பெயர்தான். செயின்ட் தாமஸ் மவுன்ட் என்று ரயில் நிலையத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் மேலே இருக்கிற கோயில் அவருடையது இல்லை. அது பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் மாதாவின் கோயில். திருவிழா டிசம்பர் 18. இந்த நாளும் ஒரு நிர்வாகக் கோளாறில் பிறந்ததுதான். கபிரியேல் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள் மார்ச் 25. அது பெரும்பாலும் தவக்காலத்தில் மாட்டிக்கொள்ளும், கொண்டாட முடியாது. 656இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய ஆயர்கள், கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் முன்னால் அதை வைத்துக்கொள்வோம் என்று தீர்மானம் போட்டார்கள். மார்ச்சில் கருவுற்ற செய்தியாக இருந்தது டிசம்பருக்கு வந்ததும் நிறைமாதக் கர்ப்பிணியின் திருநாளாகிவிட்டது. ஐபீரிய மக்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். போர்த்துக்கீசியர் 1523இல் பரங்கிமலை உச்சியில் கோயில் எழுப்பினார்கள். தொலேதோவின் தீர்மானம் இப்படித்தான் மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் வந்து மார்கழிக் குளிரில் குடியேறியது. திருப்பாவை ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருக்கும் மாதத்தில் ஒரு தாய் பேறுகாலத்துக்குக் காத்திருக்கிறாள். இதற்கு மேல் தமிழ்ப் பொருத்தம் யார் பார்த்துத் தர முடியும்?

அந்த டிசம்பர் 18க்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1547இல் அங்கே அஸ்திவாரம் தோண்டியபோது கல்லில் செதுக்கிய ஒரு சிலுவை கிடைத்தது. விளிம்பைச் சுற்றிப் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. மேலே புறா, கீழே தாமரை போன்ற இதழ்கள். அதைப் பீடத்தின் பின்சுவரில் பதித்தார்கள். 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது அந்தச் சிலுவை கறுத்து, வியர்த்து, செந்துளி சிந்தியது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னும் பலமுறை நடந்தது, கடைசியாக 1704இல் என்பது மரபு. அந்த எழுத்தைப் படிக்கச் சொல்லிப் போர்த்துக்கீசியர் ஒரு பிராமணப் பண்டிதரை அழைத்தார்கள். ஒவ்வோர் எழுத்தும் பல சொற்களுக்குச் சமம் என்று சொல்லி, தோமாவின் முழுக் கதையையும் அவர் அதிலிருந்து படித்துக் காட்டிவிட்டார். கேட்டவர்களுக்கு என்ன வேண்டும் என்பது படித்தவருக்குத் தெரிந்திருந்தது! பர்னெல் முதலிய அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வேறு வேறு விதமாகப் படித்தார்கள். வின்க்வொர்த்தின் வாசிப்பில் அங்கே தோமாவே இல்லை. சிலுவையைச் செதுக்கிய அப்ராஸ் என்ற சிரியக்காரன் தன்மீது இரக்கம் வைக்கும்படி கிறிஸ்துவிடம் கேட்கிறான், அவ்வளவுதான். எனக்கு இந்த வாசிப்பில் குறை தெரியவில்லை. பெரிய புனிதரைத் தேடி ஏறி வந்தவர்கள் முன்னால் ஒரு கல்தச்சனின் சொந்த வேண்டுதல் நின்றுகொண்டிருக்கிறது.

1558க்கும் நமக்கும் நடுவில் 1582இன் கிரகோரியன் திருத்தம் பத்து நாளை விழுங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைய டிசம்பர் 18 இன்றைய கணக்கில் டிசம்பர் 28. திருநாள் தேதி என்பது அவ்வளவு லேசான சரக்கு.

மலைக்குப் படி கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தை 1726இல் கட்டியவரும் அவரே. இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கும் இடம் அது. 1751இல் அவர் இறந்தபோது உடலை வேப்பேரியில் புதைத்தார்கள். இதயத்தை மட்டும் ஒரு பெட்டியில் வைத்துப் பாரசீகத்தின் ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள். தோமாவின் மலைக்குப் படிக்கட்டு போட்டவரும் தோமாவைப் போலவே இரண்டு ஊரில் கிடக்கிறார்.

மலையை விட்டு இறங்கி, பக்கத்துத் தாம்பரத்துக்கு வருவோம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் நகரத்திலிருந்து தாம்பரம் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை அதே வளாகத்தில் உலக அருட்பணி மாநாடு கூடியது. உலகச் சபை வரலாற்றில் 'தாம்பரம் 1938' என்றால் இன்றும் இறையியல் மாணவர்களுக்குத் தெரியும். பல நாட்டுப் பிரதிநிதிகள், நம் தோர்ணக்கல் பேராயர் அசரியா, பிற மதங்களைப் பற்றிக் கிரேமரின் கடுமையான நூல் கிளப்பிய விவாதம். அந்த மாநாட்டின் நடுவில்தான் டிசம்பர் 18ம் 21ம் வந்துபோயின. இந்தியாவுக்குச் சுவிசேஷம் எப்படி வரவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, முதலில் கொண்டுவந்தவர் என்று மக்கள் நம்புகிற ஆளின் மலை மின்சார ரயிலில் கொஞ்ச தூரம். 1931 முதலே பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. புனிதர் வணக்கம் சீர்திருத்த சபைகளுக்கு ஒவ்வாது. ஆனாலும் அந்தக் கல்லூரி விடுதி ஒன்றுக்குப் பெயர் செயின்ட் தாமஸ் ஹால். புனிதரை விட்டாலும் பெயரை விட மனசு வருவதில்லை.

இன்றைய தாம்பரத்தின் புனிதர் தோமையார் என்று நான் சொல்ல மாட்டேன். முடிச்சூர் பக்கமும் சேலையூர் பக்கமும் மேடவாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் பெருகிய தெருக்களில் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ராதாபுரத்திலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மூட்டையோடு சேர்த்துத் தங்கள் ஊர்ப் புனிதரையும் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தோணியார், செபஸ்தியார், சந்தியாகப்பர், மிக்கேல் அதிதூதர். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்னப் பங்கின் செபஸ்தியார் திருவிழாவுக்குப் போயிருந்தேன். மரத்தில் கட்டிய இளைஞன் உடம்பில் அம்புகள் தைத்த சுரூபம். முன்னால் ஒரு தட்டில் உப்பும் மிளகும். பொட்டலமாக வாங்கிப் போட்டுவிட்டு, கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். இரவு சப்பரம் புறப்பட்டது. சீரியல் பல்பு, ஜெனரேட்டர் வண்டி, பாண்டு வாத்தியம். சப்பரத்துக்கு முன்னால் ஓர் இளைஞன் கவட்டை வைத்த மூங்கில் கழியோடு நடந்தான். அவன் வேலை, தெருவுக்குக் குறுக்கே தொங்குகிற கேபிள் ஒயர்களைத் தூக்கிப் பிடித்துப் புனிதரின் தலை தட்டாமல் பார்த்துக்கொள்வது. ஒரு வீட்டு இன்டர்நெட் ஒயர் கவட்டையில் மாட்டி அறுந்தது. மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார், கும்பிட்டார், உள்ளே போய்விட்டார்.

அன்று ஞாயிறு. தேதி செபஸ்தியாரின் திருநாளான ஜனவரி 20 இல்லை. பக்கத்தில் நடந்து வந்த, ராதாபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஊர்ல இருவதாந்தேதி எந்தக் கெழமன்னாலும் தேர்தான் தம்பி. பத்து நாளும் ஒருத்தனும் கடலுக்குப் போவமாட்டான். இங்க அப்படி முடியுமா? திங்கக்கெழம காலைல பயலுவ ஷிஃப்ட்டுக்குப் போவணும்லா."

"செபஸ்தியார் கோவிச்சுக்க மாட்டாராம்மா?"

"அவரு பட்டாளத்துக்காரரு. டூட்டின்னா அவருக்குத் தெரியாதா?"

செபஸ்தியாரின் தேதியைப் பற்றி அந்த அம்மாவிடம் நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. 354இல் ரோமாபுரியில் தொகுத்த நாள்காட்டியில் மறைச்சாட்சிகளின் அடக்கநாள் பட்டியல் இருக்கிறது. அதில் செபஸ்தியாருக்கு ஜனவரி 20 என்று எழுதியிருக்கிறது. 1969இன் திருத்தத்திலும் அது அசையவில்லை. பதினாறு நூற்றாண்டுக்கு மேல் பிசகாமல் நின்ற தேதியைத் தாம்பரத்தின் ஞாயிற்றுக்கிழமை நகர்த்திவிட்டது. செபஸ்தியாரைச் சாகடித்தது அம்பு இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. அம்பில் பிழைத்தவரை ஈரேன் என்ற விதவை மருந்திட்டுத் தேற்றினாள். மறுபடியும் போய் ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் முன்னால் நின்று, அடித்துக் கொல்லப்பட்டார். அம்பு கொள்ளைநோயின் அடையாளம் ஆனதால் கொள்ளைநோய்க்கு அவர் காவல் ஆனார். 680இல் இத்தாலியின் பாவியா நகரில் கொள்ளைநோய் வந்தபோது அவருக்குப் பீடம் எழுப்பினார்கள். இங்கே அம்மைக்கும் காலராவுக்கும் அவர்தான். தாம்பரத்துக்கு இதில் தனி உரிமை இருக்கிறது. டாக்டர் சவுரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இந்த ஊரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியவைத்தது. அங்குள்ள ரயில் நிலையம் இன்னும் 'தாம்பரம் சானட்டோரியம்' என்ற பெயரிலேயே நிற்கிறது.

ஞாயிற்றுக்கு மாற்றுவதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. சுத்தமான தேதி போய்விட்டதாம். பதுவை அந்தோணியார் இறந்தது 1231 ஜூன் 13. கச்சத்தீவில் அவருக்குத் திருவிழா பிப்ரவரியிலோ மார்ச்சிலோதான். இரு கரை மீனவரும் படகில் வர வேண்டாமா? ஜூனில் பாக் நீரிணைக் காற்றில் யார் குடும்பத்தோடு படகேறுவார்கள்? நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. ஆக அந்தோணியார் நாளன்று விசைப்படகு எல்லாம் கரையில்தான் கிடக்கும். சுத்தத் தேதியில் அவரை வைத்திருந்தால் கச்சத்தீவில் சாமியாரும் கொடிமரமும் மட்டும் இருந்திருப்பார்கள்.

ஆகவே நாள் நகர்வதில் எனக்குக் குறையில்லை. கச்சத்தீவின் மீனவரும், மேற்குத் தாம்பரத்தில் திங்கட்கிழமை ஷிஃப்ட்டுக்குப் போகிறவரும் தாங்கள் கூடுவதற்கு எது தோதோ அதைப் பார்த்துத் தேதி வைத்தார்கள். தொலேதோ ஆயர்களும் தங்கள் மக்கள் கொண்டாட வேண்டும் என்றுதான் மாற்றினார்கள். 1969இன் மாற்றம் வேறு ஜாதி. அங்கே கூட்டம் எதுவும் கேட்கவில்லை. நாள்காட்டியின் ஒழுங்கு கேட்டது. ஐரோப்பாவின் பல ஊர்களுக்கு டிசம்பர் 21ஐ இழந்ததில் பெரிய நஷ்டம் இருந்திருக்காது. பரங்கிமலைக்கு இருக்கிறது. 18இல் மாதாவுக்குத் திருவிழா, மூன்று நாள் கழித்துத் தோமையாருக்கு. மலையின் சொந்தக்காரியும் மலைக்குப் பெயர் கொடுத்தவரும் ஒரே மார்கழி வாரத்தில் அடுத்தடுத்து நின்றார்கள். இப்போது ஒருவர் அங்கே, ஒருவர் ஜூலை வெயிலில்.

ஒவ்வொரு மறைமாவட்டமும் தனக்கென ஒரு நாள்காட்டி வைத்துக்கொள்ள ரோமாபுரி இடம் கொடுத்துத்தான் இருக்கிறது. பரங்கிமலை 2002 முதல் செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் இருக்கிறது, சாந்தோம் சென்னை-மயிலையில். இரண்டு ஆயர் இல்லங்களும் சேர்ந்து பேசினால் ஆகக்கூடிய காரியம். ஜூலை 3 அப்படியே இருக்கட்டும், கேரளத்தாரோடும் சிரியத் திருச்சபைகளோடும் சேர்ந்து நிற்க அது வேண்டும். பூசை முறையில் கை வைக்கவும் வேண்டாம். 18ஆம் தேதி திருவிழா முடிந்ததும் கொடியை இறக்காமல் மூன்று நாள் வைத்திருந்து, 21 மாலை தோமையார் பெயரில் ஒரு நவநாள் செபமும் ஆசீரும் நடத்திவிட்டு இறக்கலாம். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பங்குத்தந்தையர் இதைத் தங்கள் ஆயரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.